கேட்டுக்கு வெளியே யார் பொறுப்பு?

பெரிய தொழிற்சாலை எதற்குள் போனாலும், கேட்டைத் தாண்டியதும் ஒரு பலகை கண்ணில் படும். கடைசியாக விபத்து நடந்து எத்தனை நாளாகிறது என்று அதில் தினமும் எண்ணை மாற்றுவார்கள். இருநூறு, முந்நூறு என்று எண் ஏற ஏற நிர்வாகத்துக்குப் பெருமை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் அந்தப் பெருமைக்குப் பின்னால் உண்மையான உழைப்பும் இருக்கிறது. சேஃப்டி ஷூ, கண்ணாடி இல்லாமல் லைனுக்குள் கால் வைக்க முடியாது. ஃபோர்க்லிஃப்ட் ஓடுவதற்கு மஞ்சள் கோடு, அதற்கு ஒரு வேக வரம்பு, ஓட்டுபவருக்குத் தனிப் பயிற்சி எல்லாம் உண்டு.

அதே தொழிலாளி ஷிப்ட் முடிந்து, கேட்டுக்கு வெளியே வந்து, பைக்கை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் சாலையில் போகும்போது, விளக்கில்லாமல் ஓரங்கட்டியிருக்கும் டிரெய்லரின் பின்னால் மோதி இறந்துபோனால், பலகையில் எண் மாறாது. மறுநாள் காலை அது இன்னும் ஒரு நாள் கூடியிருக்கும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்கச் சொன்னது தொழிற்சாலைக்குள் நடக்கும் விபத்தை. வெளியே நடந்தது காவல் நிலையத்தின் கணக்கு. 'அதிவேகம், கவனக்குறைவு' என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதி, ஓட்டியவர் பெயரில் வழக்குப் பதிவாகும். அவரே இறந்துவிட்டால் பழியையும் அவரோடு சேர்த்துப் புதைத்துவிடுவோம்.

இந்தக் கட்டுரை அந்தப் பழியை வேறொரு மேஜைக்குக் கொண்டுபோகிறது. வேலைக்காக ஓடும் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்நேரம் வந்து சேர வேண்டும், அதை ஓட்டுபவர் எவ்வளவு தூங்கியிருக்கிறார், வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் பெரும்பாலும் சாலையில் முடிவாவதில்லை. ஷிப்ட் ரோஸ்டரிலும், டிரான்ஸ்போர்ட் டெண்டரிலும், டிஸ்பாட்ச் அட்டவணையிலும் முடிவாகிறது. அந்தக் காகிதங்களில் கையெழுத்துப் போடுகிறவர் நிர்வாகி.

வாலாஜாபாத் பாலாற்றங்கரை ஊர். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி, ஆங்கிலேயர் காலத்தில் படைமுகாமாக இருந்த இடம். கடந்த கால் நூற்றாண்டில் அதன் வாழ்க்கை முழுக்க மாறிவிட்டது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012-ல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று ஒவ்வொன்றாக வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிகள் வல்லம், மாத்தூர், சுங்குவார்சத்திரம் என்று பரவின. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. வாலாஜாபாத் ரயில் நிலையத்திலிருந்து புதுக் கார்கள் சரக்கு ரயிலேறி வடக்கே போகின்றன. சுற்றியுள்ள கல்குவாரிகளிலிருந்தும் கிரஷர்களிலிருந்தும் ஜல்லியும் எம்-சாண்டும் டிப்பரில் வெளியேறுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் நடுவே விடியற்காலையில் கம்பெனி பஸ், ஷேர் ஆட்டோ, பைக், வடமாநிலத் தொழிலாளர்கள் நடந்துபோகும் வரிசை.

வாகனப் பாதுகாப்பு இந்த வட்டாரத்துக்குத் தெரியாத வித்தை இல்லை. வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையமான ஜி.ஏ.ஆர்.சி. ஒரகடத்திலேயே இருக்கிறது. ஏர்பேக், ஏ.பி.எஸ். பொருத்தும் கைகள் இங்கேதான் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு உரியவர்களில் எத்தனை பேர் சீட் பெல்ட் உள்ள வண்டியில் வீடு திரும்புகிறார்கள் என்ற கேள்வியை ஒவ்வொரு நிர்வாகமும் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள். நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். 2023-ல் விபத்து 67,213 ஆகவும் இறப்பு 18,347 ஆகவும் கூடியது. 2022-ல் நாடு முழுக்கச் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். வயது, பாலினம், வண்டி வகை, நேரம் எல்லாவற்றையும் பிரித்துச் சொல்கிறது அந்த அறிக்கை. வேலைக்குப் போகும்போது இறந்தவர் எத்தனை பேர், வேலை முடிந்து திரும்பும்போது இறந்தவர் எத்தனை பேர் என்று சொல்லும் அட்டவணை அதில் இல்லை. எண்ணாத ஒன்றுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றாகிவிட்டது.

சட்டத்தில் ஒளிந்திருக்கும் ஒரு வரி

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவைப் பலரும் அதிவேக அபராதம் என்றே அறிவார்கள். அது இன்னும் ஆழமானது. வேக வரம்பை மீறி ஓட்டுபவரோடு, தன்னிடம் வேலை செய்பவரை அப்படி ஓட்டவைக்கும் முதலாளியையும் அது குற்றவாளியாக்குகிறது. கடைசியில் உள்ள உட்பிரிவு சொல்வது இது: ஒரு பயணத்தை இத்தனை நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒருவர் நேர அட்டவணை போட்டாலோ உத்தரவு கொடுத்தாலோ, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் போய்ச் சேர முடியாது என்று நீதிமன்றம் கருதினால், அந்த அட்டவணையே அதைப் போட்டவருக்கு எதிரான முதல்நோக்குச் சான்று. குற்றம் செய்தது கம்பெனி என்றால் அதற்குப் பொறுப்பாக இருந்தவரும் பதில் சொல்ல வேண்டும் என்கிறது 199-ஆவது பிரிவு.

இதை ஒரு டிரிப் ஷீட்டில் வைத்துப் பார்ப்போம். வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் சுமார் இருபது கிலோமீட்டர். வழியில் ஆறு பிக்கப் பாயின்ட் என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஆறு நிமிடம் போய்விடும். பயண நேரம் முப்பது நிமிடம் என்று ஷீட்டில் எழுதியிருந்தால், மிச்சமிருக்கும் இருபத்து நான்கு நிமிடத்தில் இருபது கிலோமீட்டரைக் கடக்க வேண்டும். சராசரி வேகம் மணிக்கு ஐம்பது. ஊருக்குள் வேகத்தடை, திரும்பும் டிப்பர், சாலையைக் கடக்கும் மாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் வேகத்தைக் குறைத்துவிட்டு இந்தச் சராசரியைப் பிடிக்க வேண்டுமானால், கிடைக்கிற வெட்டவெளியில் எல்லாம் எழுபது, எண்பது என்று மிதித்தாக வேண்டும். இரண்டு பேர் தாமதமாக வந்தால் அதுவும் போதாது. அந்த நேரம் பார்த்து டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் போன் செய்து எங்கே இருக்கிறாய் என்பார். எடுத்தால் போன் பேசிக்கொண்டு ஓட்டிய குற்றம். எடுக்காவிட்டால் மறுநாள் பேச்சு வாங்க வேண்டும். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஷீட்டில் பயண நேரத்தை முப்பது நிமிடத்திலிருந்து நாற்பதாக ஒருவர் திருத்தினால் போதும், சராசரி வேகம் முப்பத்தைந்துக்கு இறங்கிவிடும். செலவு, பத்து நிமிடம் முன்னதாக வண்டி எடுப்பது.

2019 திருத்தத்துக்குப் பிறகு 183-ஆவது பிரிவின் கீழ் கனரக வாகனத்துக்கு அபராதம் 2,000 முதல் 4,000 ரூபாய். ஒரு கம்பெனிக்கு அது தொகையே இல்லை. ஆனால் வழக்கு, சம்மன், மேலாளர் நீதிமன்றத்தில் நிற்பது என்பதெல்லாம் வேறு கணக்கு. சாலையோரத்தில் ஓட்டுநருக்கு ரசீது கிழிக்கும் வேகத்தில், விபத்துக்குப் பின் அந்த வண்டியின் நேர அட்டவணையையும் விசாரணை அதிகாரி கைப்பற்ற வேண்டும். சட்டத்தில் இடம் இருக்கிறது. கேட்கிற ஆள்தான் வேண்டும்.

தூக்கம் யாருடைய கணக்கு?

கம்பெனி பஸ் என்கிறோமே, அது பெரும்பாலும் கம்பெனியுடையது இல்லை. ரூட்டுகளை டெண்டர் விட்டு டிராவல்ஸ்காரரிடம் கொடுப்பார்கள். அவர் தன்னிடம் போதிய வண்டி இல்லையென்றால் இன்னொருவரிடம் வாங்கி ஓட்டுவார். ஓட்டுநருக்குச் சம்பளமும் டிரிப்புக்கு இவ்வளவு என்று பேட்டாவும். அதிகாலை ஏ ஷிப்ட் ஆட்களை இறக்கி, அதே வண்டியில் இரவு ஷிப்ட் முடித்தவர்களை ஏற்றி வீடு சேர்த்து, மதியம் பி ஷிப்டைக் கொண்டுவந்து, நள்ளிரவில் அவர்களைத் திரும்ப இறக்கும் ஓட்டுநர் ஒருவரே என்றால், எந்த டிரிப்பும் தனியாகப் பார்க்க நீளமாகத் தெரியாது. ஒன்றரை மணி நேரம், ஒரு மணி நேரம் அவ்வளவுதான். நடுவே ஒரு கல்யாண டிரிப் கிடைத்தால் அதையும் விடமாட்டார், பிள்ளைக்குப் பீஸ் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும்போதுதான் அவர் நான்கு மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை என்பது தெரியும். கூட்டிப் பார்க்கும் வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று வரம்பு வைத்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் வேலை வாங்கக் கூடாது, அரை மணியாவது ஓய்வு வேண்டும். இடைவெளிகளையும் சேர்த்து வேலை பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் விரியக் கூடாது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் இந்தச் சட்டமும் அடங்கிவிட்டது. ஆனாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆவது பிரிவும் ஓட்டுநரின் வேலை நேரத்தைப் பற்றியதே. கோயம்புத்தூர் எலும்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன், அறுவை அரங்குக்கு வந்துகொண்டே இருந்த விபத்துக் காயங்களைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது அந்த வழக்கில்தான். அதே வழக்கில் 2025 ஏப்ரலில், ஓட்டுநர்களின் வேலை நேர வரம்பை நடைமுறைப்படுத்த வழி காணும்படி உச்ச நீதிமன்றம் மத்திய அரசை மறுபடி தட்டியெழுப்ப வேண்டியிருந்தது. எட்டு மணி நேர விதி அப்போது அறுபது வயதைத் தாண்டியிருந்தது.

தூக்கமின்மையின் கெடுதியை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1997-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்குவதைக் காட்டியது. நம் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03. இப்போது ஓட்டுநரை விட்டுவிட்டு லைனில் நிற்கும் தொழிலாளியைப் பாருங்கள். ஆள் வரவில்லை என்று டபுள் ஷிப்ட் பார்க்கச் சொல்கிறார்கள். பதினாறு மணி நேரம் வேலை. அதற்கு முன் எழுந்து குளித்துக் கிளம்பி வந்த நேரத்தையும் சேர்த்தால் பதினெட்டு மணி நேர விழிப்பு. அவர் சாவியைப் போட்டு பைக்கைக் கிளப்பும்போது கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி ஹெல்மெட் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். குடித்துவிட்டு வந்தவரை உள்ளே விடாத அதே கேட், அதைவிட மோசமான நிலையில் ஒருவரை வெளியே அனுப்புகிறது.

தாமதத்துக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கும் லேட் பஞ்ச் விதியும் இந்த வகைதான். இரண்டு நிமிடத் தாமதத்துக்கு முந்நூறு, நானூறு ரூபாய் போகும் என்றால், கேட் விழப்போகும் லெவல் கிராஸிங்கில் ஒருவர் என்ன செய்வார் என்பதை விதி போட்டவர் அறியாமல் இருக்க முடியாது. பத்து நிமிடச் சலுகை கொடுத்தால் உற்பத்தி நின்றுவிடாது.

பஸ் யாருக்கு என்பதிலும் ஒரு தீண்டாமை இருக்கிறது. கடுமையான சொல்தான், தெரிந்தே எழுதுகிறேன். நிரந்தரத் தொழிலாளிக்கும் ஸ்டாஃபுக்கும் பஸ். ஏஜென்சி மூலம் வந்த கான்ட்ராக்ட் ஆளுக்குப் பல இடங்களில் பஸ்ஸும் ஏஜென்சியின் தயவு. அது வேனாக இருக்கலாம், பின்பக்கம் ஆட்களை நிறுத்திய குட்டியானையாகவும் இருக்கலாம். சரக்கு வண்டியில் ஆளேற்றுவது பர்மிட் மீறல் என்பது ஏஜென்சிக்கும் தெரியும், கேட்டில் அந்த வண்டியைத் தினமும் பார்க்கிறவர்களுக்கும் தெரியும். லைனில் இரண்டு பேரும் ஒரே ஸ்பேனரைப் பிடிக்கிறார்கள். இறந்தால் இழப்பீட்டில் முதன்மை வேலையளிப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்று சட்டம் சொல்கிறது. அப்ரண்டிஸுக்குக்கூட 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தில் அந்தப் பாதுகாப்பு உண்டு. உயிரோடு இருக்கும்போது மட்டும் ஏன் இந்தப் பிரிவினை?

பெண்கள் விஷயத்தில் நமக்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. தொழிற்சாலைகளில் பெண்கள் இரவு வேலை பார்க்கக் கூடாது என்றிருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் நீக்கியபோது, வீட்டிலிருந்து அழைத்து வந்து திரும்பக் கொண்டுவிடும் பொறுப்பை வேலையளிப்பவர் தலையில் வைத்தது. இரவு வேலை வேண்டுமானால் பயணமும் உன் பொறுப்பு என்பது அதன் பொருள். பயணத்தையே குறைப்பது அதைவிட மேல். 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 படுக்கைகளோடு சிப்காட் விடுதி திறக்கப்பட்டது. பெண் தொழிலாளர்களுக்கான விடுதி அது. அங்கே தங்கும் ஒவ்வொருவரும் நெடுஞ்சாலையில் தினமும் போய்வர வேண்டிய தூரம் மிச்சம்.

ஓரங்கட்டிய டிரெய்லர்

இந்தச் சாலைகளில் இரவில் பைக் ஓட்டுகிறவர்கள் எதிரே வரும் வண்டிக்குப் பயப்படுவதைவிட நிற்கும் வண்டிக்கே அதிகம் பயப்படுவார்கள். டிரெய்லர்களும் கண்டெய்னர்களும் கம்பெனி கேட்டுக்கு முன்னால், சர்வீஸ் சாலையில், மேம்பாலத்தின் இறக்கத்தில்கூட வரிசையாக நிற்கும். பின் விளக்கு எரியாது. சிவப்பு ஒளிர்பட்டை சேறு படிந்து மங்கியிருக்கும். பின்னால் முட்டுத்தடுப்புக் கம்பி வளைந்து கிடக்கும். ஓட்டுநர் சோம்பேறித்தனமாக நிறுத்தினார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அவர் ஏன் அங்கே நிற்கிறார் என்று கேட்டால் கம்பெனியின் கேட்டுக்குள் போக வேண்டியிருக்கும். உதிரிபாகம் லைனுக்கு வேண்டிய நேரத்தில் மட்டும் உள்ளே வர வேண்டும், கிடங்கில் தேங்கக் கூடாது என்பது இன்றைய உற்பத்தி முறை. கிடங்குக்கு ஆகும் இடத்தைக் கம்பெனி மிச்சப்படுத்துகிறது. அந்த இடம் மாயமாகிவிடவில்லை, சாலைக்கு மாறியிருக்கிறது. டோக்கன் எண் கூப்பிடும்வரை நிற்கும் ஓட்டுநருக்கு உள்ளே யார்டு கிடையாது, கழிப்பறை கிடையாது, படுக்க இடம் கிடையாது. பாதித் தூக்கத்தில் கூப்பிட்டதும் எழுந்து வண்டியை நகர்த்துகிறார். சாலையில் அபாயமாக வண்டியை நிறுத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவின்படி தவறு. காத்திருக்கச் சொன்னவரின் மீதும் அந்தத் தவறு சேர வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 'பொறுப்புச் சங்கிலி' என்ற கொள்கையில், கனரக வண்டியை ஓட்டுபவரோடு சரக்கை அனுப்புபவர், ஏற்றுபவர், பெறுபவர், நேரம் குறிப்பவர் எல்லாருக்கும் பாதுகாப்புக் கடமை உண்டு. 2018 அக்டோபரிலிருந்து அது இன்னும் இறுக்கமானது. நிறுவன அதிகாரிகளுக்கும் தனிக் கடமை வந்தது. 2020 ஏப்ரலில் மெல்போர்ன் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் ஒரு லாரி, சாலையோரத்தில் பணியிலிருந்த நான்கு காவலர்கள் மீது ஏறியது. ஓட்டியவர் தூக்கமின்றியும் போதைப்பொருள் பயன்படுத்தியும் இருந்தார். அவருக்குச் சிறை. ஓட்டத் தகுதியற்ற நிலையில் அவரை வண்டியேற விட்ட மேலாளரும் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். நம் சட்டத்தில் இவ்வளவு விரிவு இல்லை என்றாலும் 183-ஆவது பிரிவில் விதை இருக்கிறது.

மூன்று மணி ஷிப்ட்

வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்து வேலையில் நடந்த விபத்தா? இந்திய நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியோடு அறுபது ஆண்டுக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கின்றன. 1963-ல் பம்பாய் 'பெஸ்ட்' பஸ் ஓட்டுநர் ஒருவர் வேலை முடிந்து அதே நிறுவன பஸ்ஸில் வீடு திரும்பும்போது இறந்த வழக்கில், அது வேலையின் தொடர்ச்சியே என்றது உச்ச நீதிமன்றம். 1996-ல் இ.எஸ்.ஐ. வழக்கு ஒன்றில், தொழிற்சாலைக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவில் சைக்கிளில் வந்தபோது லாரியில் அடிபட்ட தொழிலாளிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 2010-ல் நாடாளுமன்றம் இ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தி, வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பயண விபத்தையும் வேலைக் காயமாக ஏற்றது.

இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்களுக்கு விடை 2025 ஜூலை 29-ல்தான் கிடைத்தது. மகாராஷ்டிராவில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளிக்கு அதிகாலை மூன்று மணிக்கு ஷிப்ட். 2003 ஏப்ரலில் பைக்கில் கிளம்பியவர், ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் தொலைவில் விபத்தில் இறந்தார். தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் இழப்பீடு கொடுத்தார், உயர் நீதிமன்றம் பறித்தது. நீதிபதிகள் மனோஜ் மிஸ்ரா, கே.வி.விஸ்வநாதன் அமர்வு அதைத் திருப்பிக் கொடுத்தது. விபத்து நடந்த நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால் பயண விபத்தும் வேலையின் போக்கில் நேர்ந்ததே என்பது தீர்ப்பின் சாரம். அந்த வீட்டுக்கு இது கிடைக்க இருபத்திரண்டு ஆண்டு ஆனது. ஊரே உறங்கும் மூன்று மணிக்கு ஒருவர் சாலையில் இருந்ததற்குக் காரணம் ஷிப்ட்டைத் தவிர வேறெதுவும் இல்லை. ஒரகடத்தின் ஒவ்வொரு இரவு ஷிப்டுக்கும் இது பொருந்தும்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு கூடுகிறது. காஞ்சிபுரத்தில் அந்தக் கூட்டத்துக்கு வட்டாரத்தின் பெரிய தொழிற்சாலைகள் தங்கள் டிரிப் ஷீட்டுகளையும், ஓட்டுநர்களின் வேலை நேரப் பதிவையும், ஜி.பி.எஸ். வேகக் கணக்கையும் கொண்டுவரட்டும். எல்லாக் கம்பெனிகளும் ஒரே நேரத்தில் ஷிப்ட் மாற்றாமல் இருபது நிமிடம் தள்ளித் தள்ளி மாற்றலாம். தொழிலாளி சாலையில் இறந்த நாளில் கேட் பலகையின் எண்ணைப் பூஜ்ஜியமாக்கலாம். நெஞ்சு பதறினால்தான் கை டிரிப் ஷீட்டைத் திருத்தும்.

குடும்பத்தினருக்கு ஒரு வார்த்தை. விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் இலவசம், ஆஸ்பத்திரியில் கேளுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அங்கேயே வேலைக் காயமாகப் பதியச் சொல்லுங்கள். இறந்தால் சார்ந்தோர் உதவித்தொகை மாதாமாதம் வரும். இ.எஸ்.ஐ. இல்லாதவர் தொழிலாளர் இழப்பீடு கேட்கலாம், காலக்கெடு இரண்டு ஆண்டு. 2020-ல் வைத்த 15,000 ரூபாய்ச் சம்பள உச்சவரம்பில் கணக்குப் போட்டாலும், முப்பது வயதில் இறந்தவருக்கு அது பதினைந்தரை லட்சத்துக்கு மேல் வரும். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம்; சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால் வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தையோ கேட்டு முடிவெடுங்கள். அதற்கு முன், அந்த வாரத்து ரோஸ்டர், பஞ்ச் பதிவு, ஓவர்டைம் சீட்டு, பஸ் பாஸ், பிக்கப் நேரம் போட்ட பட்டியல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அவருடைய போனை ரீசெட் செய்யாதீர்கள். சூப்பர்வைசர் சீக்கிரம் வரச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி, அனுப்பிய நேரத்தோடு அதில் இருக்கும்.